மலை மண்ணும் மாநாட்டு மேஜையும்

துறையூருக்கு அப்பால் நிற்கிறது பச்சைமலை. அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்குக் கைக்காசு தரும் பயிர் மரவள்ளி. கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ஆனால், சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகிவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் அந்த மேல்மண் ஓடையோடு இறங்கிப் போகிறது. போன மண் ஒரு தலைமுறையில் திரும்பாது.

இதற்கும் சர்வதேச மாநாடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1994 ஜூன் 17-ல் பாரிஸில் உருவாயிற்று. 1996-ல் இந்தியா அதை உறுதி செய்தது. பெயர்தான் பாலைவனம், வறண்ட பிரதேசங்களில் மழை அரித்து மண் வளம் கெடுவதும் அதில் அடக்கம்.

நம் நாட்டில் விஷயம் சிறியதல்ல. 2018-19 நிலவரப்படி 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் நிலம் சீர்கெட்டிருப்பதாக இஸ்ரோவின் படத்தொகுப்பு காட்டியது. மொத்தப் பரப்பில் இது ஏறத்தாழ 30 சதவிகிதம். 2019-ல் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 14-வது மாநாடு கூடியபோது, 2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேரைச் சீராக்குவதாகப் பிரதமர் மோடி அறிவித்தார். முந்தைய இலக்கு 2 கோடியே 10 லட்சம்.

வாக்குறுதி தருவது சுலபம், கட்டுப்படுவதுதான் கஷ்டம். 2024 டிசம்பரில் ரியாத்தில் கூடிய 16-வது மாநாட்டில் அது வெட்டவெளிச்சமாயிற்று. வறட்சியைச் சமாளிக்க, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டுமென ஆப்பிரிக்க நாடுகள் கோரின. வளர்ந்த நாடுகள் பலவும் தளர்வான ஏற்பாடே போதும் என்றன. சட்டமென்று வந்தால் பணப் பொறுப்பும் கூடவே வருமல்லவா? முடிவு காணாமல், பேச்சு 2026-ல் மங்கோலியாவில் கூடும் மாநாட்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது.

மாநாடு தள்ளிப்போகலாம்; மழை தள்ளிப்போகுமா? சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போடவும், மரங்களை ஊடே வளர்க்கவும் உலக சபையின் உத்தரவு தேவையில்லை. தேவை கூலிக்குப் பணம். அதோடு நிலம் தனதென்ற உறுதி. இன்றோ நாளையோ வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுகிறவன் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் வரப்பைப் போடமாட்டான். நில உரிமையின் அவசியத்தை 2019 மாநாடே தீர்மானமாக ஏற்றிருக்கிறது.

கோடி ஹெக்டேர் கணக்கு காகிதத்தில் கூடிக்கொண்டே போகலாம். மலைச்சரிவில் ஒரு ஏக்கர் மண் நின்றதா என்பதே அதற்கு உரைகல்.