திரும்பி வருபவரைக் கைவிடாதீர்கள்

தான் ஆடிய அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பும் பழைய வீரருக்கு மாலை போட்டு மேளம் கொட்டுகிறோம். நாலு ஆட்டம் தோற்றால் அவர் தலையிலேயே மொத்தப் பழியையும் இறக்குகிறோம். இது அநியாயம். மும்பைக் கால்பந்தே அதற்குச் சாட்சி.

குவைத்தில் பிறந்த காலித் ஜமீல் மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா அணிகளில் நடுக்கள வீரர், இந்தியாவுக்கும் ஆடியவர். காயங்கள் அவரை அடிக்கடி வெளியே உட்காரவைத்தன. 2007இல் தொடங்கிய மும்பை எஃப்.சி.யில் சேர்ந்தார். 2009இல், 32 வயதில், அதே அணிக்குப் பயிற்சியாளரானார். நேற்றுவரை ஒன்றாக உடை மாற்றிக்கொண்ட தோழர்களில் யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது என்று முடிவுசெய்ய வேண்டிய வேலை. நட்பையும் கடமையையும் ஒருசேரக் காக்க வேண்டிய அந்த வேலையை ஏழு ஆண்டுகள் செய்தார். பெரிய அணிகளுக்கு இருந்த பணபலம் இல்லாவிட்டாலும், அவர் பொறுப்பில் இருந்தவரை மும்பை எஃப்.சி. தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து தரமிறங்கவில்லை.

2016இல் அணியும் அவரும் பிரிந்தனர். அடுத்த பருவத்தின் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். முதலிடத்தில் ஐஸ்வால்: அதற்கு முந்தைய பருவத்தில் தரமிறங்கி, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட மிசோரம் அணி. பயிற்சியாளர் காலித். மும்பையில் அவரிடம் ஆடிய அசுதோஷ் மேத்தாவும் ஜெயேஷ் ராணேயும் அங்கே இருந்தார்கள். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங் லஜோங்குடன் சமன் செய்து, பட்டம் வென்ற முதல் வடகிழக்கு அணியானது ஐஸ்வால். அதே பட்டியலின் கடைசி இடத்தில் இருந்த மும்பை எஃப்.சி. தரமிறங்கியது; பிறகு மூடப்பட்டது.

ஒருவர் போனதால்தான் ஓர் அணி அழிந்தது என்று நாம் சொல்லவில்லை. 2005-06இல் தேசிய லீக் பட்டம் வென்ற மகிந்திரா யுனைடெட்டும் 2010இல் கலைக்கப்பட்டது. காலித் வீரராக இருந்த மூன்று மும்பை அணிகளில் ஒன்றுகூட இன்று தேசிய லீக்கில் இல்லை. நஷ்டக் கணக்கு உரிமையாளர்களுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் அணி என்பது உரிமையாளரின் முதலீடு மட்டுமல்ல. சர்ச்கேட்டில் இறங்கி கூப்பரேஜ் மைதானத்துக்கு நடந்த ரசிகனுக்கும், அந்தச் சட்டையைப் போட ஆசைப்பட்ட பையனுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுக்கு ஒரு வழியும் காட்டாமல் கதவைச் சாத்தியது தவறு என்பதே நம் தீர்ப்பு.

வீரருக்கும் கடமை இருக்கிறது. பழைய புகழ் பயிற்சியாளருக்கான தகுதி ஆகாது. காலித் தேர்வுகள் எழுதி ஆசியக் கூட்டமைப்பின் உச்சச் சான்றிதழான ‘புரோ லைசென்ஸ்’ பெற்றார். 2025 ஆகஸ்டில், 13 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியத் தேசிய அணியின் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். சென்னையில் சபீர் பாஷாவும் தான் ஆடிய இந்தியன் வங்கி அணிக்கே பயிற்சி அளித்தவர். சொந்த அணியில் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் காலம்தான் இத்தகைய பயிற்சியாளர்களை வளர்க்கிறது.

ஆகவே மும்பையின் மாஹிம், மாட்டுங்கா கல்லூரிகளுக்கு நாம் சொல்வது இது. பழைய மாணவரைப் பயிற்சியாளராக அழைக்கும்போது சால்வையோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். மாதம் தவறாமல் சம்பளம் கொடுங்கள். பயிற்சிச் சான்றிதழுக்கான கட்டணத்தைக் கல்லூரியே கட்டட்டும். விடுமுறை நாளில் மைதானத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு முன், அது யாருக்காக இருக்கிறது என்று யோசியுங்கள். மாஹிம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாராவிச் சந்துகளில் மழைச்சேற்றில் பந்து உதைக்கும் தமிழ்ப் பையன் அந்தக் கல்லூரிக்கு வந்து சேரும்போது, சொல்லித்தரப் பயிற்சியாளரும் ஆட ஓர் அணியும் இருக்க வேண்டும். அதற்குக் காசில்லை என்று சொல்லும் நிர்வாகம், கோப்பை வரும் நாளில் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளும் தகுதியையும் இழக்கிறது.