ஃபயர்வாலை அணைக்காமலே ஸ்கேன் போகும்

“ஃபயர்வாலை ஆஃப் பண்ணியாச்சு சார். எஸ்எம்பி ஒன் ஆன் பண்ணியாச்சு. ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தாச்சு. இனிமே ஸ்கேன் போகும்.”

நாலு சிஸ்டமும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இருக்கிற ஆபீஸ்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சர்வீஸ் ஆள் கிளம்பிவிடுவார். ஸ்கேனும் போகும். அது போய்த் தொலைவதால்தான் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மெஷினிலிருந்து நேராகக் கணினி ஃபோல்டருக்கு ஸ்கேன் வரவேண்டுமானால் கணினியின் பூட்டுகளை எல்லாம் கழற்றியாக வேண்டும் என்பது இப்போது ஊரறிந்த உண்மை மாதிரி ஆகிவிட்டது. அந்த மூன்று காரியங்களில் ஒன்றுகூடத் தேவையில்லை என்பது என் கட்சி.

இந்த நம்பிக்கை அண்மையில் வலுத்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பலர் அவசரமாக விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். நேற்று வரை போன ஸ்கேன் மாறிய மறுநாள் நின்றது. பழி புது விண்டோஸ் மேல் விழுந்தது. “பழையபடி ஆக்கிவிடுங்கள்” என்று நாம் சொன்னோம், சர்வீஸ் ஆட்களும் ஆக்கினார்கள்.

முதலில் எஸ்எம்பி ஒன். மெஷினும் கணினியும் ஃபைலைக் கைமாற்றிக்கொள்ளப் பேசும் மொழி எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பு 1980-களில் பிறந்தது. இரண்டாம் பதிப்பு விண்டோஸ் விஸ்டாவோடு 2007-இல் வீட்டுக் கணினிகளுக்கு வந்துவிட்டது, மூன்றாம் பதிப்பு 2012-இல் விண்டோஸ் 8-ஓடு. மைக்ரோசாஃப்டில் இதைக் கவனித்துக்கொண்டிருந்த நெட் பைல் என்பவர், எஸ்எம்பி ஒன்றைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2016-லேயே வெளிப்படையாக எழுதினார். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முடங்கின. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் தப்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் இது தானாக வருவதில்லை.

“அந்த ஓட்டையைத்தான் அடைத்துவிட்டார்களே” என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். அதற்கான திருத்தம் தாக்குதலுக்கு 2 மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளிவந்தது. அதைப் போட்ட கணினியை வன்னாக்ரை தொடாது. (“அப்டேட் வந்தால் ஸ்கேன் நிற்கும், அப்டேட்டையே நிறுத்து” என்று சொல்பவர்களுக்கும் இந்த 2 மாதக் கணக்கே பதில்.) ஆனால் அடைபட்டது அந்த ஓட்டை மட்டும். நடுவில் ஒருவன் புகுந்து பேச்சை மாற்றினால் கண்டுபிடிப்பதில் முதல் பதிப்பு பலவீனம்; போகிற ஃபைலை மறைகுறியாக்க அதற்குத் தெரியவே தெரியாது. கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய மெஷின் என்றால் பெரும்பாலும் அதற்கு இரண்டாம், மூன்றாம் பதிப்பு பேசத் தெரியும். மெஷினின் ஐபி எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் நெட்வொர்க் அமைப்புகளில் எஸ்எம்பி பதிப்பு தட்டுப்படும். இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்க்கத்தான் எஸ்எம்பி ஒன்.

அடுத்தது எவ்ரிஒன். பாஸ்வேர்டே வேண்டாம், யார் வந்தாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து போடுவது. பாதுகாப்பை விடுங்கள், இப்போது இது வேலைக்கே ஆகாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ கணினிகளில், பரிமாறப்படும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருந்தாக வேண்டும் என்பது இயல்பான விதி. அந்தக் கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளிக்குச் சாவி ஏது? அதனால் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் மெஷின் வாசலிலேயே நிற்கும். இது புரியாமல் கையொப்ப விதியையே தூக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான்காவது பூட்டும் போயிற்று.

பாஸ்வேர்டு கொடுத்தும் போகவில்லையே என்பார்கள். இங்கேதான் நான் கண்ட கூத்துகளில் பெரியது. தெரிந்தவர் ஒருவரின் ஆடிட்டர் ஆபீஸ். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடி நேரம். கணக்கு பார்க்கும் பெண் 3 நாளாக மெஷினின் முகவரிப் புத்தகத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ‘உள்நுழைவு தோல்வி’. “என்ன பாஸ்வேர்டும்மா போடறீங்க?” என்றேன். “காலைல சிஸ்டம் ஆன் பண்ணும்போது போடறதுதான் சார், நாலு நம்பர்.” அது பாஸ்வேர்டு அல்ல, பின். அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அது செல்லும்; நெட்வொர்க் வழியாக வருகிறவர் பின்னைச் சொன்னால் விண்டோஸ் ஏற்காது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் அப்படித்தான்: நேரில் நுழையலாம், நெட்வொர்க்கில் முடியாது. அவரிடம் குற்றம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

தீர்வு 10 நிமிட வேலை. ஸ்கேனுக்கென்றே கணினியில் தனியாக ஒரு லோக்கல் பயனர் கணக்கு, அட்மின் உரிமை இல்லாமல், நீளமான பாஸ்வேர்டோடு. ஒரே ஒரு ஃபோல்டர். அதன் ஷேர் அனுமதியிலும் செக்யூரிட்டி அனுமதியிலும் அந்தக் கணக்குக்கு எழுதும் உரிமை. இரண்டு இடத்திலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எது இறுக்கமோ அதுவே செல்லும் என்பதால், ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இதில் இன்னொரு லாபம்: முதலாளி தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஸ்கேன் நிற்காது. மெஷினிலிருந்து யாராவது அந்த பாஸ்வேர்டைக் கறந்துவிட்டாலும் அவர் கைக்குக் கிடைப்பது அந்த ஒரு ஃபோல்டர்தான்.

ஃபயர்வாலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். புது வைஃபையிலோ கேபிளிலோ கணினியை இணைக்கும்போது விண்டோஸ் அதைப் பொது இடமாகவே எடுத்துக்கொள்ளும், ரயில் நிலைய வைஃபை மாதிரி. செட்டிங்ஸில் அந்த இணைப்பை பிரைவேட் என்று மாற்றி, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ என்ற அனுமதியை மட்டும் இயக்கினால் போதும். ஸ்கேனுக்குத் தேவையானது 445 என்ற ஒரே வாசல். அதற்காக மொத்தச் சுவரையும் இடிப்பானேன்? தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அங்கேயும் ஒரு முறை பாருங்கள்.

இவ்வளவும் செய்து, கரண்ட் போய் வந்ததும் ஸ்கேன் நின்றால்? ‘விண்டோஸ் மறுபடி பூட்டிக்கொண்டது’ என்று எஞ்சிய பூட்டும் கழற்றப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நடந்தது வேறு. ரவுட்டர் அணைந்து எரிந்ததும் கணினிக்கு வேறு ஐபி எண்ணைக் கொடுத்திருக்கும். நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.8. மெஷின் பழைய வீட்டுக்கே தபாலைக் கொண்டுபோகிறது. நம் ஆட்கள் மெஷினின் ஐபியை மறக்காமல் நிலையாக வைப்பார்கள், ஏனென்றால் பிரின்ட் கணினியிலிருந்து மெஷினுக்குப் போகிறது. ஸ்கேன் எதிர்த்திசை. அதற்கு நிலையாக இருக்க வேண்டியது கணினியின் ஐபி. ரவுட்டருக்குள் போய் அந்தக் கணினிக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கிவிட்டால் கரண்ட் எத்தனை முறை போனாலும் கவலையில்லை. கணினி தூங்கிவிட்டாலும் ஸ்கேன் போகாது. ஸ்லீப் நேரத்தையும் பாருங்கள்.

“இந்த வம்பே வேண்டாம், மெயிலுக்கு அனுப்பிக்கொள்கிறோம்” என்பவர்களுக்கு: தாராளமாக. ஆனால் மெஷினில் ஜிமெயிலின் சாதாரண பாஸ்வேர்டைப் போடும் வழியை கூகுள் 2022-லிருந்து அடைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அது தருகிற 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். இணைப்பின் உச்சவரம்பு 25 எம்பி. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ-யில் கலரில் எடுத்தால் சுருக்குவதற்கு முன் 26 எம்பி வரும். பிடிஎஃப் ஆக்கும்போது நன்றாகச் சுருங்கும் என்றாலும் 80 பக்கப் பத்திரம் முட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. போன் ஆப்பில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒரு ஆதார் நகலுக்குச் சரி. ஆபீஸ் முழுக்க கேம்ஸ்கேனரை நம்பியிருந்தவர்களுக்கு, 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 ஆப்களில் அதுவும் இருந்தது நினைவிருக்கும்.

உண்மையிலேயே எஸ்எம்பி ஒன் தவிர எதுவும் தெரியாத பழைய மெஷின்களும் உண்டு. அவற்றைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. திசையை மாற்றுங்கள். மெஷின் அனுப்ப வேண்டாம், கணினி இழுத்துக்கொள்ளட்டும்: மெஷினின் ஸ்கேன் டிரைவரை நிறுவி, நாப்ஸ்2 மாதிரியான இலவச மென்பொருளிலிருந்து ஸ்கேன் கொடுக்கலாம். எழுந்து மெஷினுக்கும் சீட்டுக்கும் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் ஆபீஸில் ஸ்கேன் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும் இன்று ஒரு முறை கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். எஸ்எம்பி 1.0 என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, ஃபயர்வாலை ஆன் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஒரு பக்கம் ஸ்கேன் கொடுங்கள். போனால் நல்லது. போகாவிட்டால் சர்வீஸ் ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள். இந்த முறை இரண்டும் அப்படியே இருக்க, ஸ்கேன் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.