நீ இன்னா பெரிய தாராசிங்கா?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ரெண்டு பையன்கள் தெருவில் மல்லுக்கு நின்றால், வேடிக்கை பார்க்கும் பெரியவர்களில் ஒருத்தராவது கேட்பார்: "டேய், நீ இன்னா பெரிய தாராசிங்கா?" கேட்கிற பெரியவர் தாராசிங்கின் குஸ்தியை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. திட்டு வாங்குகிற பையனுக்கோ தாராசிங் நிஜ மனிதரா, சினிமாப் பாத்திரமா என்பதே தெரியாது. ஆனாலும் அர்த்தம் ரெண்டு பேருக்கும் புரிந்துவிடும். ஆள் குண்டாக இருந்தால் 'கிங்காங்', முறைத்துக்கொண்டு நின்றால் 'தாராசிங்'. ரெண்டு குஸ்திக்காரர்களின் பெயர் தமிழில் சாதாரணச் சொல்லாகவே ஆகிவிட்டது. செத்துப்போன ஒரு வீரனுக்கு இதைவிடப் பெரிய சிலை யார் வைக்க முடியும்?

ஆனால் பெயர் மட்டும் நின்றால் போதுமா? அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை எப்படி நினைத்துக்கொள்வது? கேள்வி அதுதான்.

தாராசிங் 1928-ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கம் தர்மூசக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947-ல் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போனார். டிரம் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே குஸ்தி கற்றுக்கொண்டார். (ஆலைத் தொழிலாளியாக ஆரம்பித்தவர் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.) இந்தியா திரும்பி 1954-ல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் ஆனார். 1959-ல் காமன்வெல்த் பட்டம். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டார். 1950, 60-களில் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மதராஸ் என்று ஊர் ஊராக பிரீஸ்டைல் குஸ்திகள் நடந்தன. 200 கிலோவை ஒட்டிய எடை கொண்ட கிங்காங்கை அவர் தூக்கிச் சுழற்றி எறிந்த கதைதான் இன்றுவரை பேச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983-ல் குஸ்தியை விட்டார். 1987-ல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமன் ஆனார். ஒரு வார்த்தை இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அனுமனை எல்லோருக்கும் தெரியும். 2003 முதல் 2009 வரை ராஜ்யசபா உறுப்பினர். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் தன் வீட்டில் 83 வயதில் காலமானார்.

இங்கே ஒரு கூட்டம் உடனே கையைத் தூக்கும். "அதெல்லாம் பொய் குஸ்திப்பா. யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வெச்சிடுவாங்க. இதுக்கு எதுக்கு இவ்ளோ ஃபீலிங்?"

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே தீர்மானிக்கப்படுகிறது என்பது இப்போது ரகசியமே அல்ல. அந்தக் கால பிரீஸ்டைலிலும் இது சகஜம். தாராசிங்கைப் பற்றி லூ தெஸ் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதும்போது, அவர் அசல் மல்லர், உடம்பை அபாரமாக வைத்திருந்தார், அவரிடம் தோற்பதில் தனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை என்ற பொருளில் சொல்கிறார். 'தோற்பதில் ஆட்சேபம் இல்லை' என்பதைக் கவனியுங்கள். ரெண்டு தொழிலாளிகள் ஒரு வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குத் தகுதி உள்ளவரா என்று பார்த்துத்தான் தோற்றிருக்கிறார். கூட வேலை செய்தவன் தருகிற சர்டிபிகேட் இது. ரசிகன் தரும் சர்டிபிகேட்டைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வடசென்னைக்காரனிடம் போய் 'நிஜம் எது, பொய் எது' என்று பாடம் எடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிந்து நின்று, 'ரோசமான குத்துச்சண்டை' என்று போஸ்டர் ஒட்டி, மூக்கு உடையும்வரை பார்த்த ஊர் இது. 2021-ல் வந்த பா.ரஞ்சித் படத்தால் இந்தப் பெயர்கள் வெளியூருக்கும் தெரிந்தன. 2015-ல் வந்த 'பூலோகம்' படமும் இந்தப் பகுதி பாக்சிங் கதைதான். அதில் கடைசியில் ஹீரோவோடு மோத வந்தவர் யார்? டபிள்யூ.டபிள்யூ.இ-யில் மல்யுத்தம் செய்த நாதன் ஜோன்ஸ்! நிஜக் குத்து எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர்தான் தாராசிங்கின் பெயரையும் தூக்கி வைத்துக்கொண்டது. கேபிள் டிவி வந்தபிறகு டபிள்யூ.டபிள்யூ.எஃப் பார்த்து, ட்ரம்ப் கார்டு சேர்த்து, மொட்டை மாடியில் மெத்தை போட்டு உருண்டதும் இதே ஊர்தான்.

ஏன்? முடிவு பொய் என்றாலும் விழுவது பொய் அல்ல.

மேடைப் பலகையில் முதுகு மோதுவது நிஜம். 100 கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்குவது நிஜம். தூக்கப்படுபவனின் கழுத்து உடையாமல் இறக்குவது அதைவிடப் பெரிய நிஜம். மறுநாள் வேறு ஊர், அதே அடி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். மூட்டைக்குள் என்ன இருந்தது என்பது அவர் இடுப்புக்குத் தெரியாது. எடைதான் தெரியும்.

அதனால் ஒரு மல்யுத்த வீரர் இறந்தால் அவரை ஹீரோவாக நினைப்பதைவிட தொழிலாளியாக நினைப்பதுதான் சரி. தாராசிங் 500 குஸ்தியில் ஒன்றிலும் தோற்கவில்லை என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முன்பே பேசி வைத்த ஆட்டத்தில் இந்தக் கணக்கால் என்ன பயன்? ட்ரம்ப் கார்டிலும் அப்படித்தான். உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி எல்லாம் இருக்கும். எத்தனை எலும்பு உடைந்தது, ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டினார்கள் என்ற கட்டம் மட்டும் இருக்காது.

அந்தக் கட்டத்தை நாமே போட்டுப் பார்ப்போம்.

கிங்காங். நிஜப் பெயர் எமில் சாயா. குஸ்தியும் பயணமுமாகவே வாழ்ந்தவர், 1970-ல் மலேசியாவில் நடந்த கார் விபத்தில் அடிபட்டு இறந்தார்.

ஓவன் ஹார்ட். 1999 மே 23, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் காட்சி. மாட்டியிருந்த கொக்கி நடுவானில் விடுபட்டு, 70 அடிக்கு மேலிருந்து விழுந்தார். வயது 34. அவரைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் நிகழ்ச்சி தொடர்ந்தது! அவர் இறந்த செய்தி டிவி பார்த்தவர்களுக்குச் சொல்லப்பட்டது, அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த நாள் சக வீரர்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கேமரா முன்னால் அழுதார்கள். குடும்பம் வழக்குப் போட்டு, 2000-ல் சமரசம் ஆனது. கம்பெனியின் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க அவர் மனைவி பல வருடங்களாகச் சம்மதிக்கவில்லை. மேலேயிருந்து ஆள் விழுந்தபிறகும் வேலை நிற்காத கதை எண்ணூர், மணலி பக்கம் யாருக்காவது புதுசாக இருக்குமா?

எடி கெரெரோ. 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். இதயக் கோளாறு. வயது 38. முந்தின வாரம்வரை அவரை அடித்துத் துவைத்த 'வில்லன்கள்' எல்லாம் டிவியில் விம்மி அழுதார்கள். அதற்குப் பிறகுதான், 2006-ல், வீரர்களுக்கு உடல் பரிசோதனை, மருந்துப் பரிசோதனைத் திட்டத்தைக் கம்பெனி கொண்டுவந்தது. எந்தத் தொழிற்சாலையிலும் பாதுகாப்பு விதி இப்படித்தானே வருகிறது? முதலில் சாவு, பிறகு சுற்றறிக்கை.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனியின் கணக்கில் மல்யுத்த வீரர்கள் ஊழியர்களே கிடையாது. 'தனி ஒப்பந்தக்காரர்கள்'. மேடையில் அடிபட்டால் வைத்தியம் உண்டு, ஆனால் மற்ற மருத்துவக் காப்பீட்டை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். வேற யார்கிட்டயும் வேலை செய்யக் கூடாது, சொன்ன நேரத்துக்கு வரணும், சொன்ன வேஷம் போடணும், ஆனால் நீ எங்க ஆள் இல்லை! கேட் பாஸில் வேறொரு ஏஜென்சியின் பெயரோடு உள்ளே போகும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்த வசனம் மனப்பாடம்.

சங்கம் வைத்திருக்கலாமே என்றால், 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற வீரர் முயற்சி செய்தார். அந்த விஷயத்தை முதலாளியிடம் போய்ச் சொன்னது யார் தெரியுமா? ஹல்க் ஹோகன்! வருடங்கள் கழித்து ஒரு வழக்கில் சத்தியப்பிரமாணம் செய்து முதலாளியே இதை ஒப்புக்கொண்டார். ஹோகன் 2025 ஜூலை 24 அன்று 71 வயதில் இறந்தபோது இங்கேயும் எத்தனையோ பேர் மஞ்சள் பனியன் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். வைக்கட்டும், தப்பில்லை. சின்ன வயதுச் சந்தோஷம் பொய்யாகாது. ஆனால் அவர் பேசிய நிறவெறிப் பேச்சு வெளியாகி 2015-ல் கம்பெனியே சில வருடம் விலக்கி வைத்ததையும், கூட வேலை செய்தவர்களின் சங்கத்தைக் கருவிலேயே காட்டிக்கொடுத்ததையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். இறந்தவரைத் திட்டுவதற்காக அல்ல. அவரால் சங்கம் இல்லாமல் போனவர்களும் வீரர்கள்தான் என்பதற்காக.

"கோடி கோடியாய் சம்பாதிக்கிறவனும் கூலிக்காரனும் ஒண்ணா?" என்று கேட்கலாம். உச்சியில் நின்ற நாலு பேருக்குத்தான் கோடி. அவர்களை உயரமாகக் காட்டுவதற்காகத் தினமும் தோற்றுக் கொடுத்தவர்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. தாராசிங்குக்கு சினிமா இருந்தது, அனுமன் இருந்தார், பார்லிமென்ட் இருந்தது. முதுமையில் கௌரவமாக வாழ்ந்தார். அவரிடம் தோற்றவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்தது. பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக, பக்கத்துப் பெரம்பூரில். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், குஸ்திக்காரர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்கலாம். எத்தனை ஜெயித்தார் என்பதை விடுங்கள். எத்தனை வயதில் போனார்? உடம்பு என்ன ஆனது? செலவை யார் பார்த்தார்கள்? குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

டிரம் ஆலையில் வேலை செய்துகொண்டே குஸ்தி பழகிய அந்தப் பஞ்சாபிக்காரருக்கு, ஷிஃப்ட் முடிந்து இடுப்பில் கைவைத்தபடி வீடு திரும்பும் எண்ணூர் தொழிலாளியை நிச்சயம் அடையாளம் தெரிந்திருக்கும். அடுத்த தடவை யாராவது "நீ இன்னா பெரிய தாராசிங்கா?" என்று கேட்டால், அவரைத் தைரியமாகக் கை காட்டலாம்.