ஃபைலுக்குப் பூட்டு, டைரக்டரிக்குத் திறந்த கதவு

பூனாவிலும் பெங்களூரிலும் சர்வர் மேய்த்துக்கொண்டிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் டெக்னிக்கல்தான். ஆனால் வேலைக்கே உலை வைக்கிற விஷயம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூனிக்ஸில் ஒரு ஃபைலுக்கு 444 கொடுத்துவிட்டால் யாராலும் அதை அழிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள், பத்து வருஷம் குப்பை கொட்டியவர்கள்கூட. 444 என்றால் எல்லாரும் படிக்கலாம், யாரும் உள்ளே எழுத முடியாது (ரூட்டைத் தவிர). அவ்வளவுதான். அழிக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அந்த ஃபைல் இருக்கும் டைரக்டரி.

நம்ம ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை நீக்கினால் திருத்தம் நடப்பது கார்டில்தான், பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைரக்டரியும் ஒரு கார்டுதான். அதில் இருப்பது ஃபைல்களின் பெயரும் ஐநோட் எண்ணும். ஆர்எம் செய்வது அங்கே பெயரை அடிப்பது மட்டும். எனவே டைரக்டரியில் ரைட், எக்ஸிக்யூட் இரண்டும் இருந்தால், அடுத்தவன் ஃபைலையும் தாராளமாக அழிக்கலாம். கையால் கமாண்ட் அடித்தால் 'அழிக்கட்டுமா?' என்று ஒரு தடவை கேட்கும். கிரானில் ஓடும் ஸ்கிரிப்டில் அந்தக் கேள்வியும் வராது.

இது தெரியாததால் ஒரு பையன் பட்ட பாடு எனக்குத் தெரியும். பூனாவில் ஒரு ஆபீஸ். பையன் தெற்கத்திக்காரன், புதுசு, இந்தி அரைகுறை. மாசக்கடைசி ரிப்போர்ட் ஃபைல் காணாமல் போனது. அது டீம் லீடின் ஃபைல், 444. அழித்தது பையன் பெயரில் ராத்திரி ஓடும் கிளீனப் ஸ்கிரிப்ட். "என் ஃபைல், ரைட் பெர்மிஷனே கிடையாது, ரூட் பாஸ்வேர்டைத் திருடாமல் எப்படி அழியும்?" என்று லீட் குதித்தார். ஹெச்ஆர் வரைக்கும் போய்விட்டது. பையனுக்குப் பதில் சொல்ல பாஷையும் இல்லை, தைரியமும் இல்லை. கடைசியில் எல்எஸ் -எல்டி அடித்துப் பார்த்தால் டைரக்டரி 775, அந்த குரூப்பில் மொத்த டீமும் இருந்தது. யாருடைய ஸ்கிரிப்ட் வேண்டுமானாலும் அழித்திருக்கலாம்! பேக்கப்பிலிருந்து ஃபைல் வந்துவிட்டது. திருட்டுப்பட்டம் வாங்கிய பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

என் கட்சி இதுதான். பெர்மிஷன் விசித்திரமாக நடந்தால் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் டைரக்டரியைப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைட்' வந்தவுடன் சிஹெச்மோட் 777 அடிக்கும் வியாதியையும் விடுங்கள். டைரக்டரிக்கு 777 கொடுப்பது ஊரில் உள்ள எல்லாரிடமும் ரேஷன் கார்டையும் ஒரு பேனாவையும் கொடுப்பது மாதிரி.

வரிசையாகப் பாருங்கள்:

1. ஃபைலுக்கு மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் எக்ஸிக்யூட் இருக்கிறதா? லினக்ஸில் நேம்ஐ -எல் ஒரே அடியில் காட்டிவிடும்.

2. புதிதாக குரூப்பில் சேர்த்திருந்தால் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். ஐடி கமாண்டில் அந்த குரூப் தெரிய வேண்டும்.

3. நீங்கள் ஓனர் என்றால் ஓனர் பிட் மட்டும்தான் செல்லும். குரூப்புக்கு அனுமதி இருந்தும் உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

4. எல்எஸ் -எல் வரிசையில் கூட்டல் குறி இருந்தால் ஏசிஎல் போட்டிருக்கிறார்கள். கெட்ஃபேக்ல் அடித்துப் பாருங்கள்.

பலர் புழங்கும் டைரக்டரிக்கு 3770 கொடுங்கள். 3-ல் 2 என்பது செட்ஜிஐடி, புது ஃபைல்களுக்கும் அதே குரூப் வரும். மீதி 1 ஸ்டிக்கி பிட். அது இருந்தால் ஃபைலின் ஓனர், டைரக்டரியின் ஓனர், ரூட் தவிர வேறு யாரும் அழிக்க முடியாது. டெம்ப் டைரக்டரி 1777-ஆக இருப்பது இதற்காகத்தான். அந்தப் பூனா ஆபீஸில் இந்த ஒரு பிட் இருந்திருந்தால் ஸ்கிரிப்டுக்கு எரர் வந்திருக்கும், ஒரு பையனின் பேர் கெட்டிருக்காது.

வெளியூரில் நமக்குச் சிபாரிசு கிடையாது மக்களே. இந்த மாதிரி நாலு விஷயம் தெரிந்திருந்தால் அதுதான் நமக்குத் துணை.