பற்றுச்சீட்டு உரிமைப் பத்திரமா?

"காசு கொடுத்தாயிற்று, லேபல் எங்களுடையது" என்று பன்வில மிளகு, கராம்பு வியாபாரிகளுக்காக வாதாடுகிறார் நண்பர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பை ஆக்கியவரே அதன் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளாதார உரிமை அவருடைய முதலாளிக்கு. இங்கே அந்த முதலாளி, லேபலை வரைந்து கொடுத்த கண்டியிலுள்ள வடிவமைப்பு நிறுவனம்; மிளகைப் பக்கற்றில் அடைப்பவர் அல்லர். உரிமை கைமாற இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும்.

"அப்படியானால் சிறு வியாபாரி ஏமாறுவான்" என்கிறார். முன்கூட்டியே பேசினால் ஏன் ஏமாற வேண்டும்? முழு உரிமையா, பக்கற்றுக்கு மட்டுமான அனுமதியா, மூலக் கோப்பு யாரிடம் என்பதைப் பொறுத்தே விலை. (முழு உரிமையை அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்தான் அதிகம் சத்தமிடுகிறார்.) அடுத்த லேபலுக்கு முற்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள்.