காலி கிளிஞ்சல் யாருக்குச் சொந்தம்?

குட்டீஸ்... கடற்கரைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? அலையில் கால் நனைத்த கையோடு, பை நிறைய கிளிஞ்சல் பொறுக்குவீர்கள், சரிதானே? அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில், சான் யுவான் தீவுகள் உள்ளன. அங்கே குளிர்காலத்திலும், 'கயாக்' என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் கரையோரமாகச் சுற்றிப் பார்க்கப் போகின்றனர். கடல் நீர் உடம்பை விறைக்க வைக்கும். அதனால், தண்ணீர் புகாத உடையும், லைப் ஜாக்கெட்டும் கட்டாயம்.

குளிர்காலத்தில் அங்கே கடல் நன்றாக வற்றுவது இரவில் தான். பகலில் பாறைகளின் அடிப்பகுதி நீருக்குள்ளேயே இருக்கும். ஆனால், கோடையில் நீரைக் கலங்கலாக்கும் நுண்ணுயிர்கள் அப்போது குறைந்துவிடுவதால், தண்ணீர் தெளிவாக இருக்கும். படகில் இருந்தபடியே எட்டிப் பார்த்தால், ஊதா நிற நட்சத்திர மீன்களும், பூப்போல விரிந்த கடல் சாமந்திகளும் தெரியும். எந்த உயிரும் காலில் மிதிபடாது. பார்ப்பதென்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும்!

'ஒன்றே ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்கலாம். 1963ல், ராபர்ட் பெய்ன் என்ற விஞ்ஞானி, அதே மாநிலத்தின் பசிபிக் கடலோரத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பாறைப் பகுதியில் இருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றினார். திரும்ப வந்தவற்றையும் விடவில்லை. அவை தின்று வந்த சிப்பிகள், தின்ன ஆளில்லாமல் பெருகி, பாறையை அடைத்துக் கொண்டன. மற்ற உயிர்களுக்கு இடமில்லை. 15 வகை உயிரினங்கள் இருந்த இடத்தில், 8 தான் மிஞ்சின!

'நட்சத்திர மீனுக்கு உயிர் உண்டு. காலி கிளிஞ்சலுக்கு ஏது?' என்கிறீர்களா? துறவி நண்டைக் கேளுங்கள். அதன் வயிற்றுப் பகுதி மிருதுவானது. மூடிக்கொள்ள ஓடு கிடையாது. காலியான சங்குக்குள் புகுந்து தான் வாழும். வளர வளர, பெரிய சங்காகத் தேடி வீடு மாறும். அங்கே மட்டுமல்ல, நம் கடற்கரையிலும் துறவி நண்டுகள் உண்டு. நம் அலமாரியில் தூசி படியும் சங்கு, ஒரு நண்டின் வீடாக இருந்திருக்கலாம்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பைக்குப் பதில் ஒரு நோட்டும், பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். பார்த்ததை வரையுங்கள். கல்லைப் புரட்டினால், மெல்லப் பழையபடி வைத்துவிடுங்கள். அதன் அடியில் ஒரு குடும்பமே இருக்கலாம்!