மே மாதத் தேர்வு, மார்ச் மாத முடிவு

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க இதழில் போன மாதம் ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பள்ளியில் வகுப்பு எடுக்காமல் வீட்டிலேயே தாமாகப் படித்து நாலைந்து ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்) தேர்வு எழுதிவிட்டால் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் வலுப்பெறுமாம். உளவியல், மனிதப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றும் சுலபமாம். பன்னிரண்டாம் வகுப்பில்கூட விட்டுவிடக் கூடாதாம். இதை நம்பி இங்கே எத்தனை பிள்ளைகள் தூக்கம் கெடப் போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு யோசனையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏபி தேர்வுகள் நடப்பது மே மாதம். மதிப்பெண் வருவது ஜூலையில். பெயர்பெற்ற கல்லூரிகள் யாருக்கு இடம் என்பதை மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்துக்குள் சொல்லி முடித்துவிடும். எங்கே சேர்கிறேன் என்று மாணவர் பதில் சொல்ல வழக்கமான கெடு மே 1. இடம் கொடுத்து முடித்த பிறகு எழுதும் தேர்வு விண்ணப்பத்துக்கு எப்படி வலுச் சேர்க்கும்? எழுதப் போவதாக விண்ணப்பத்தில் குறிப்பிடலாம் என்பார். கையில் இல்லாத மதிப்பெண்ணை எந்த அதிகாரி எடை போடுவார்? பெற்றோருக்கு வழிகாட்ட வந்தவர் நாட்காட்டியைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதினால்? அங்கும் அவர் கணக்கு தப்பு. எதை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறோம் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற படிவத்தில் வெளியிடுகின்றன. பள்ளியில் எடுத்த பாடங்களின் கடினம், வகுப்பு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனி வரி உண்டு. ஏபி தேர்வு மதிப்பெண்ணுக்குத் தனி வரி கிடையாது. பாடங்களின் கடினத்தைப் பற்றிச் சொல்பவர் பள்ளியின் கவுன்சிலர். அந்தப் பள்ளியில் கிடைக்கிற பாடங்களோடு ஒப்பிட்டு, இந்த மாணவர் எடுத்தவை மிகக் கடினமானவையா, நடுத்தரமா என்று அவர் குறிக்கிறார். வீட்டில் படித்து எழுதிய தேர்வு மாணவரின் மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடமாக ஏறாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஏபிக்குக் கூட்டித் தரும் புள்ளியும் வகுப்பில் வாங்கிய கிரேடுக்குத்தான்.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு. போன ஏப்ரலில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவள் தானாகப் படித்துக்கொண்டிருந்த ஏபி உளவியலுக்காக ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டுகள் நான்கு. ஹிப்போகாம்பஸ் ஒரு அட்டை, ஹைப்போதலாமஸ் ஒரு அட்டை. பக்கத்தில் பள்ளி வேதியியல் நோட்டு. அந்த வார ஆய்வக அறிக்கைக்குத் தலைப்பு மட்டும் எழுதி மிச்சம் வெறுமையாகக் கிடந்தது. “ஆன்ட்டி, மே முடிஞ்சதும் இதெல்லாம் மறந்துடலாம்ல?” என்று கேட்டாள். ஏபி உளவியலில் 4 வாங்கினாள். வேதியியலில் ஏ வாங்கிக்கொண்டிருந்தவள் பி வாங்கினாள். மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக இருக்கப் போவது அந்த பி. கட்டுரையாளர் இந்தக் கணக்கை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

அவர் கையில் இருக்கும் பெரிய சான்று யேல் பல்கலைக்கழகம். 2024இல் யேல் அறிவித்த கொள்கைப்படி எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வுகளுக்குப் பதிலாக ஏபி மதிப்பெண்களைக் கொடுக்கலாம் என்பது உண்மைதான். அதே கொள்கையில், ஏபியைத் தேர்ந்தெடுப்பவர் அதுவரை எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களையும் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அவசரத்தில் படித்து வாங்கிய 2, 3 எல்லாமே மேசைக்கு வரும். பாதியைச் சொல்லிப் பாதியை விட்டது கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாதிதான் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

கல்லூரியில் கிரெடிட் கிடைத்துப் பணம் மிச்சமாகும் என்கிறார். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது சேர்ந்த பிறகு வரும் லாபம். சேர்வதற்கான காரணத்தோடு அதைக் குழப்புவது ஏன்? அவர் படம் போட்டுக் காட்டும் கல்லூரிகளிலேயே டார்ட்மத் ஏபிக்கு கிரெடிட் தருவதை நிறுத்துவதாக 2013இல் அறிவித்தது. கால்டெக் தருவதே இல்லை. கல்லூரியில் மேல்நிலை வகுப்பில் உட்கார வைப்பதற்காக 1950களில் தொடங்கிய திட்டம்தான் ஏபி. பெயரிலேயே ‘பிளேஸ்மெண்ட்’ இருக்கிறது.

தாமாகப் படிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஏபி இயற்பியலே இல்லாத சிறு ஊர்ப் பள்ளியில், கால்குலஸைத் தானே கற்று இயற்பியல் சி எழுதும் பிள்ளையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவனுக்கு அந்தப் பாடம் வேண்டும், பள்ளியில் இல்லை, வேறு வழியில்லை. அந்தத் தேர்வு அவன் விண்ணப்பத்தில் பேசும். கட்டுரையாளர் அந்தப் பிள்ளையின் உழைப்பைக் காட்டி, இருபது ஏபி வகுப்பு இருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைப் பயமுறுத்துகிறார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்வுக்குப் பள்ளி வழியாகத்தான் பதிவு செய்ய முடியும். கெடு நவம்பர் நடுவில் முடிகிறது. ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ நூறு டாலர். பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டால் நாற்பது டாலர் போகும். பெற்றோர் அதற்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், அக்டோபர் இதழிலேயே கட்டுரையாளர் தன் தவற்றைத் திருத்தி எழுத வேண்டும். மார்ச், மே, ஜூலை மூன்று மாதங்களையும் வரிசையாகப் போட்டு, யேல் கொள்கையின் விடுபட்ட பாதியையும் சேர்த்து, முதல் பக்கத்தில்.